புட்டியில் புதைந்த போர்

வேலூர் லாங் பஜாரில், காய்கறி மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, பழைய மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதில் பதித்த கல் ஒரு கணக்குச் சொல்கிறது: இவ்வூரிலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்றோர் 277 பேர், அவர்களில் உயிர் நீத்தோர் 14 பேர். கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் அக்கல்லைப் பலமுறை படித்திருக்கிறோம். கழித்தல் கணக்கு எளிது. எஞ்சியோர் 263 பேர். அவர்கள் என்ன ஆயினர்? கல் அதைச் சொல்லவில்லை. இரவில் உறங்கினரா? இடி இடித்தால் நடுங்கினரா? நடுக்கத்தை மறக்க மாலைதோறும் எதைத் தேடிச் சென்றனர்? மாண்டவனுக்குக் கல் நாட்டத் தெரிந்த உலகுக்கு, மீண்டவனின் மனத்தைக் கேட்கத் தெரியவில்லை!

அவர்கள் திரும்பிய காலமும் கொடியது. 1918 ஆம் ஆண்டின் நடுவில், கப்பலில் வந்திறங்கிய படைவீரரோடு பம்பாயில் கால் வைத்த நச்சுக் காய்ச்சல், இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. போரும் கொள்ளைநோயும் ஒரே வாசல் வழியே உள்ளே வந்தன. நூறாண்டு கழித்து, 2020 இல், மீண்டும் ஒரு கொள்ளைநோய்; மீண்டும் ஊர்தோறும் வீடு திரும்பிய படைவீரர்கள். இம்முறையேனும் அவர்களுக்கு நேர்ந்ததை எழுதி வைத்தாக வேண்டும். நாம் கண்ட அளவில், நம் அறிவு எட்டிய அளவில், எழுத முற்படுகிறோம்.

வேலூர்ப் பகுதியில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் அரிது. கம்மவான்பேட்டையை 'இராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கின்றனர். வீரம் பொங்கியா இத்தனை பேர் சென்றனர்? வீரமும் உண்டு, வறுமையும் உண்டு. வானம் பார்த்த நிலம், பீடி சுற்றும் முறம், தோல் பதனிடும் தொட்டி... இவற்றுக்கு அப்பால் மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதியைத் தரும் கதவாக இளைஞன் கண்ணுக்குத் தெரிந்தது பட்டாளம். பதினெட்டில், இருபதில் நுழைகிறான். முப்பத்தைந்தில், நாற்பதில் வெளியே வருகிறான். 'ஓய்வு பெற்றவர்' என்று பெயர் சூட்டுகிறார்கள். ஓய்வு பெறும் வயதா அது? பிள்ளைகள் பள்ளியில், கடன் வட்டியில். சீருடையைக் கழற்றியவன் மறுபடியும் ஒரு சீருடை அணிகிறான், ஏ.டி.எம். வாசலில், துணிக்கடை வாசலில், காவலாளியாக!

படையில் அவனுக்குத் தனிமை என்பது தெரியாது. எழுவது கூட்டமாக, உண்பது கூட்டமாக, அஞ்சுவதும் கூட்டமாக. பக்கத்தில் இருப்பவனும் அஞ்சுகிறான் என்று அறிந்த அச்சம் பாதி அச்சம். ஊர் திரும்பியதும் அந்தக் கூட்டம் கலைகிறது, அச்சம் முழுமையாகிறது. வீட்டாரிடம் சொன்னால் விளங்காது. நண்பரிடம் சொன்னால் நகைப்பர். 'பட்டாளத்தான் பயப்படுவானா?' என்ற ஒரே கேள்வி அவன் வாயை அடைத்துவிடுகிறது.

இந்த அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1915 ஆம் ஆண்டிலேயே சார்லசு மையர்சு என்னும் ஆங்கில மருத்துவர், குண்டு முழக்கத்தில் நிலைகுலைந்த வீரரைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். 'குண்டதிர்ச்சி' என்ற பொருள்படும் பெயர் அன்று புழக்கத்துக்கு வந்தது. ஆயினும் கோழை என்று இகழப்பட்டவரும், தண்டிக்கப்பட்டவரும் பலர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் குரல் எழுப்பிய பின்னரே, 1980 இல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் தம் நோய்ப் பட்டியலில் அதற்கு முறையான இடம் கொடுத்தனர். 1915க்கும் 1980க்கும் இடையே அறுபத்தைந்து ஆண்டுகள்! ஒரு நோய் நோயென்று ஒப்புக்கொள்ளப்பட அறுபத்தைந்து ஆண்டுகள்! அதுவரை அந்நோய்க்கு மருந்தாக இருந்தது எது? மது.

மது படைவீரனைத் தேடி வந்தது என்பதையும் மறத்தலாகாது. பனி மலைக் காவலுக்கு ரம் வழங்குவது படையின் பழைய வழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் கேண்டீன் அட்டைக்குப் பதவிக்கேற்ப மாதம் இத்தனை புட்டி என்ற அளவு உண்டு. வெளிக்கடையைவிட விலையும் குறைவு. அதைச் சலுகை என்பர். அளவோடு நிறுத்துவோருக்குச் சலுகைதான். உள்ளே அச்சம் குடியிருப்பவனுக்கோ அது மாதந்தோறும் வீடு தேடி வரும் தூண்டில்.

ஏன் தூண்டில் என்கிறோம்? அறிவியல் கூறும் காரணம் தெளிவானது. மது மூளையின் பரபரப்பை அடக்குகிறது. அஞ்சியவன் அமைதி பெற்றதாக உணர்கிறான். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. அடக்கும் கையை எதிர்த்துத் தன் பரபரப்பை ஒரு படி உயர்த்திக்கொள்கிறது. காலையில் மது இறங்குகிறது. உயர்ந்த பரபரப்பு அப்படியே நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, காரணமின்றி அச்சம் கவ்வுகிறது. அதை அடக்க மாலையில் மேலும் ஒரு கிண்ணம். அச்சம் குடியை வளர்க்கிறது. குடி அச்சத்தை வளர்க்கிறது. நீண்ட நாள் இப்படி வாழ்ந்தவன் திடீரென மதுவை நிறுத்தினால், அடக்கும் கை அகன்ற மூளை கொதித்தெழும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றலாம். கவனிப்பாரில்லையேல் உயிரே போகலாம். இஃது ஒழுக்கக்கேடு பற்றிய உபதேசமன்று, தோழர்களே! உடலின் கணக்கு.

நம் தாய்மாமன் இந்தக் கணக்குக்குள் வாழ்ந்தவர். பீரங்கிப் படையில் பதினேழு ஆண்டுகள். 1999 ஆம் ஆண்டு கார்கில் போரின்போது திராசுப் பகுதியில் இருந்தவர். 2006 இல் அவில்தாராக ஊர் திரும்பியவர். அவர் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததில்லை. அத்தையைக் கை நீட்டி அடித்ததில்லை. இரவு எட்டு மணிக்குத் திண்ணையில் சுவரில் முதுகு பதிய அமர்வார், அளந்து ஊற்றுவார், அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. உறங்கப்போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தீபாவளியன்று ஊரில் இருக்க மாட்டார். வெடிச்சத்தம் எட்டாத கொல்லை மேட்டுக்குப் போய்விடுவார். ஊரார் கண்ணுக்கு அவர் 'மிலிட்டரிக்காரர், கொஞ்சம் கோபக்காரர், மாலையில் போட்டுக்கொள்வார்.' அவ்வளவே. அந்த மூன்று சொற்களுக்கு அடியில் இருந்த நோயை யாரும் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் மறைத்தது புட்டி.

2020 மார்ச்சு 11 ஆம் நாள் உலக நலவாழ்வு அமைப்பு கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச்சு 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. டாசுமாக்குக் கடைகள் மூடப்பட்டன. பேருந்து நின்றது, வேலூர்க் கேண்டீனுக்குப் போக வழியில்லை. நாம் அப்போது கல்லூரி மாணவர். விடுதி மூடப்பட்டதால் மாமா வீட்டில் தங்கியிருந்தோம். வீட்டில் இருந்த புட்டி மறுநாளே காலி.

இரண்டாம் நாள் கைகள் நடுங்கின. தேநீர்க் குவளையை அவரால் பிடிக்க இயலவில்லை. உடல் வியர்வையில் நனைந்தது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்புக் கூட்டம் ஏறுவதாகச் சொல்லிக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்று, இந்தியில் கட்டளை இடத் தொடங்கினார். எதிரே யாரும் இல்லை. இருபத்தோராண்டுகளுக்கு முன் திராசில் நின்ற தோழர்களைப் பெயர் சொல்லி அழைத்தார், குனியச் சொன்னார், தாமும் குனிந்தார். போர் முடிந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதி எத்தனையோ ஆண்டுகள்! அது முடியவில்லை. புட்டிக்குள் புதைந்து கிடந்தது. புட்டி காலியானதும் வெளியே வந்தது.

அண்டை வீட்டார் முகக்கவசத்தோடு வாசலில் நின்றனர். 'கொரோனா மூளைக்கு ஏறிவிட்டது' என்றார் ஒருவர். 'செத்துப்போன பட்டாளத்தான் ஆவி பிடித்திருக்கிறது' என்றார் மற்றொருவர். பூசாரியும் வந்தார், வேப்பிலையும் வந்தது. வேப்பிலையால் அடித்தால் வைட்டமின் ஏறுமா? திருநீறு பூசினால் வலிப்பு நிற்குமா? அத்தை பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தையல் தொழில் செய்பவர். அவர் பூசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு 108க்குத் தொலைபேசி செய்தார். முதலில் சென்ற மருத்துவமனை, காய்ச்சல் இருப்பதால் சேர்க்க இயலாது என்று கதவை மூடியது. இரண்டாவதாகச் சென்ற இடத்தில் இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். ஊசி போட்டார், வைட்டமின் கலந்த நீர் ஏற்றினார். நம்மை அழைத்துச் சொன்னார்: "இது பேயும் இல்லை, திமிரும் இல்லை. மூளைக்குப் பழகிப்போன சரக்கு ஒரே நாளில் நின்றுபோச்சு. இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார்."

மாமா பிழைத்தார். பிழைக்காதோர் உண்டு. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், செங்கற்பட்டில் மது கிடைக்காமல் வண்ணப்பூச்சு வார்னிசைக் குடித்து மூவர் மாண்டனர். சூலை இறுதியில், ஆந்திரத்துக் குறிச்சேட்டில் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நிகழவே, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு மார்ச்சு 30 ஆம் நாள் ஆணையிட்டது. மது மருந்தாகாது என்று மருத்துவர்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 2 ஆம் நாள் உயர்நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்தது. ஈரானிலோ, சாராயம் கிருமியைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். கிருமி கொன்றது ஒரு பக்கம். அறியாமை கொன்றது மறுபக்கம்!

ஊரில் அப்போது மகிழ்ந்தவர்கள் உண்டு. 'கடையை மூடினார்கள், குடி ஒழிந்தது. பார்த்தீர்களா, அரசு நினைத்தால் முடியும்!' என்றனர். அவர்கள் மகிழ்ச்சியை நாம் இகழவில்லை. பல வீடுகளில் அடி நின்றது. அரிசி வாங்கப் பணம் இருந்தது. ஆனால் கடைக்குப் பூட்டுப் போடுவது வேறு. நோய்க்குச் சிகிச்சை தருவது வேறு. பூட்டு, கடையின் கதவில் தொங்கியது. நோய், மனிதனின் மூளையில் இருந்தது. பூட்டுப் போட்ட கை, அதே நாளில் மருத்துவமனையின் கதவைத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும், 'திடீரென நிறுத்தியவர்களே, நடுக்கம் கண்டால் இங்கே வாருங்கள்' என்று ஒரு பலகை தொங்கியிருக்க வேண்டும். நம் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பலகையை நாம் காணவில்லை.

அடுத்து வந்த நாற்பது நாள்களைச் சொல்ல வேண்டும். நாம் எழுத வந்ததே அதற்காக. மாமா குடிக்கவில்லை. கை நடுக்கம் நின்றது, சோறு இறங்கியது. ஆனால் இத்தனை ஆண்டு போதையால் மூடி வைத்த அச்சம், மூடி இல்லாமல் நின்றது. கொள்ளைநோய்க் காலமோ அந்த அச்சத்துக்கு நாள்தோறும் தீனி போட்டது. தொலைக்காட்சியில் காலை முதல் இரவு வரை பிணக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஆம்புலன்சுச் சங்கொலி. அது கேட்டதும் அவர் உடல் விறைக்கும். காற்றில் கண்ணுக்குத் தெரியாத பகை. எதிரி எங்கே என்று தெரியாமல் காவல் இருப்பது படைவீரனுக்கு எத்துணைக் கொடுமை என்பதை அவரே ஒரு நாள் சொன்னார்: "மாப்பிள்ளை, அங்கே சத்தம் வந்தா எந்தப் பக்கம்னு தெரியும். இங்கே சத்தமே இல்லை. அதுதான் பயமா இருக்குது."

அவருக்கு இருந்த சிறு மருந்துகளும் பறிபோயின. தேநீர்க்கடை விசுப்பலகையில் மாலைதோறும் நாலைந்து பழைய பட்டாளத்தார் கூடுவர். பனி மலையையும் பழைய அதிகாரிகளையும் பற்றிப் பேசிச் சிரிப்பர். கடை மூடியது, பலகை கவிழ்ந்தது. அவர் காவல் பார்த்த கடையும் மூடியது, 'பிறகு சொல்லி அனுப்புகிறோம்' என்றனர், சொல்லி அனுப்பவில்லை. கூட்டம் போயிற்று, வேலை போயிற்று, விறைத்து நிற்க ஒரு வாசலும் இல்லாமல் போயிற்று. 'விலகி இருங்கள், வீட்டில் இருங்கள்' என்பது கிருமியைத் தடுக்கத் தக்க அறிவுரைதான். அதை நாமும் கடைப்பிடித்தோம். ஆயினும் தனிமையே நோயாக இருப்பவனுக்கு, அந்த அறிவுரையோடு ஒரு மருத்துவரின் குரலும் சேர்ந்து சென்றிருக்க வேண்டும் அன்றோ?

அத்தை ஒரு நாள் தையற்பொறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குடிக்கிறாருன்னு இத்தனை வருசம் திட்டினேன் தம்பி. இப்போ குடிக்கலை, ராத்திரியெல்லாம் தூங்காம சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காரு. எது நல்லதுன்னே எனக்குத் தெரியலை." இந்தச் சொற்களை நாம் இன்றும் மறக்கவில்லை. குடியை நிறுத்துவது பாதி வேலை. குடி எதை மறைத்திருந்ததோ அதைக் குணப்படுத்துவது மறுபாதி. அந்த மறுபாதிக்கு அந்த நாற்பது நாளும் ஆள் இல்லை. மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகப் பேருந்து இல்லை. போனாலும் கொரோனா அல்லாத நோய்க்கு வரிசை நகரவில்லை.

மே 7 ஆம் நாள், சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய்க்கு விற்பனை என்று செய்தி வந்தது. மறுநாள், இடைவெளி காக்கவில்லை என்று உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. 16 இல் மீண்டும் திறப்பு. மூடினர், திறந்தனர், மூடினர், திறந்தனர்! வழக்குமன்றத்தில் வாதாடப்பட்டது வரிசையின் நீளம். அரசின் கவலை வருவாயின் நீளம். வரிசையில் நின்றவனின் நோய் எவர் வாதத்திலும் இல்லை. மே 16 மாலை மாமா சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அத்தை வாசலில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவர் உறங்கினார். நாற்பது நாள் உறங்காதவன் உறங்கியதைக் கண்டு வருந்துவதா, மகிழ்வதா?

நம் ஊர்க்கதை மட்டுமா இது? படைவீரர் நலத்தை ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் நாடு அமெரிக்கா. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களைக் கொள்ளைநோய்க்கு முன்னும், 2020 ஆம் ஆண்டின் இறுதியிலும் ஆராய்ந்தனர். பதற்ற நோய்க்குரிய அறிகுறி காட்டியோர் நூற்றுக்கு 7.1 என்பதிலிருந்து 9.4 ஆயினர். நாற்பத்தைந்து முதல் அறுபத்து நான்கு வயதுக்குட்பட்டோரிடம் உயர்வு மிகுதி: 8.2 என்பது 13.5 ஆயிற்று. ஏன் அந்த வயது? பிள்ளைகளின் படிப்பும், பெற்றோரின் முதுமையும், வேலையின் நிலையின்மையும் ஒரே தோளில் ஏறும் வயது அது. நம் மாமாவுக்கு அப்போது ஐம்பது.

ஆனால் அதே ஆராய்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்வதுதான் அறிவுடைமை. பெரும்பாலான வீரர்கள் நிலைகுலையவில்லை. தற்கொலை எண்ணம் கொண்டோர் விகிதம் உயரும் என்று அஞ்சினர், அது 10.6 இலிருந்து 7.8 ஆகக் குறைந்தது. ஆகவே, படைவீரன் என்றால் உடைந்தவன் என்று முத்திரை குத்துவது தவறு. நம் நாட்டிலும் 2020 ஏப்ரலில் கருநாடகம், பஞ்சாபு முதலிய இடங்களில் முன்னாள் படைவீரர்கள் தொண்டுக்கு முன்வந்தனர், உணவு வழங்கினர், நோய்த்தொடர்பு கண்டறிய உதவினர். வேலையும் தோழமையும் கிடைத்தவன் நிமிர்ந்து நின்றான். இரண்டையும் இழந்தவன் திண்ணையில் குறுகினான். குறை எலும்பில் இல்லை; நிலைமையில் இருந்தது.

தோழமையின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுமா? குடிநோயாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து மீளும் 'ஆல்ககாலிக்சு அனானிமசு' என்னும் அமைப்பு, 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றியது. தோற்றுவித்த இருவரில் ஒருவரான பில் வில்சன், முதல் உலகப் போரில் படை அலுவலராய் இருந்தவர். குடியைக் கற்றதும் அந்தச் சீருடை நாளிலேயே! கடவுள் பெயரையும் அவர்கள் முறையில் சேர்த்துள்ளனர். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த அறையில் நடப்பது என்ன? 'நானும் அஞ்சினேன், நானும் விழுந்தேன்' என்று ஒரு மனிதன் மற்றொரு மனிதனிடம் சொல்கிறான். எழுப்புவது அந்த மனிதக் குரல்தான் என்பது நம் கருத்து. ஊரடங்கில் அறைகள் மூடியபோது அக்கூட்டங்கள் கைபேசித் திரைக்கு மாறின. திரையைத் திறக்கத் தெரிந்தவன் பிழைத்தான். பொத்தான் கைபேசி வைத்திருந்த நம் ஊர்ப் பட்டாளத்தானுக்கு அந்தக் கதவும் இல்லை.

2021 மே 10 ஆம் நாள் இரண்டாம் அலையில் மீண்டும் ஊரடங்கு. மீண்டும் கடைகள் மூடல். மாமாவோடு திராசில் இருந்த தோழர் ஒருவர் அந்த அலையில் மாண்டார். உடலைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோயினர். தோழர்கள் தோள் கொடுக்கவில்லை. கடைசி வணக்கம் வைக்கவும் வழியில்லை. ஆனால் இம்முறை ஒன்று மாறியிருந்தது. முந்தைய ஆண்டில் அந்த இளம் மருத்துவர் சொன்னதை அத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நடுக்கம் தொடங்குமுன்னரே மாமாவை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். படிப்படியாகக் குறைக்கும் மருந்து கொடுத்தனர். சித்தம் கலங்கவில்லை, கட்டளைக் குரல் எழவில்லை. ஒரு தாள், ஒரு பெண்ணின் துணிவு, உரிய நேரத்தில் ஒரு மருந்து! ஓராண்டுக்கு முன் பேயென்று பேசப்பட்டது, ஓராண்டுக்குப் பின் பத்து மாத்திரையில் அடங்கியது.

அதன் பிறகு மனநல மருத்துவரிடம் சென்றார். அச்சத்துக்கென்று தனியே சிகிச்சை தொடங்கியது. நம்மிடம் வாய் திறக்காதவர், தம் பெயர் எழுதிய ஒரு சீட்டை நீட்டிவிட்டு மருத்துவரிடம் ஒரு மணி நேரம் பேசினார். இன்று அவர் முற்றிலும் குடியை மறந்துவிட்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும், உண்மை அதுவன்று. இருமுறை சறுக்கினார், இருமுறையும் திரும்பினார். குடிக்காத மாதங்கள், குடித்த மாதங்களைவிடப் பன்மடங்கு மிகுதி. தாழ்ப்பாளை இப்போது ஒரு முறைதான் இழுத்துப் பார்க்கிறார். நமக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

இளைஞர்களே! 'குடித்தது அவன் குற்றம். அதற்கு அரசு என்ன செய்யும்?' என்று கேட்போர் உங்கள் தெருவிலும் இருப்பர். அவர்களிடம் கேளுங்கள்: காசநோயாளியிடம் 'ஏன் இருமினாய்?' என்று கேட்டுவிட்டா மருந்து கொடுக்கிறோம்? இந்த மண்ணில் வழிகள் இல்லாமல் இல்லை. பாகாயத்தில் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்யும் முறையை வளர்த்த இடம் அது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய குடிநோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 இல் தொடங்கிய டெலி மானசு என்னும் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில், தமிழிலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது. வழி இருக்கிறது, வழிகாட்டும் பலகை இல்லை. ஆகவே நாம் வேண்டுவன மூன்று. மதுக்கடைக்குப் பூட்டுப் போடும் எந்த ஆணையும், சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்போடு வெளிவர வேண்டும். ஓய்வு பெறும் ஒவ்வொரு வீரனும், ஓய்வூதியத் தாளில் கையெழுத்திடுமுன் ஒரு மனநல மருத்துவரோடு பேச வாய்ப்புப் பெற வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம், கல்வி உதவிப் படிவங்களோடு, மாதம் ஒரு நாள் மனநல மருத்துவரையும் அமர்த்த வேண்டும்.

நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் பட்டாளத்தாரின் பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒரு சிறுவன், 'என் அப்பா இரவில் கத்துகிறார். பாட்டி மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார்' என்று நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். நாம் அவன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஐந்து எண்களை எழுதிக் கொடுத்தோம். அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டில் வரும் என்பதை எவரும் அறியார். வரும் நாளில், ஒவ்வொரு ஊரிலும் இந்த எண்களை அறிந்த ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.